ஏற்காட்டு மழையில் நிற்கப்போகும் காட்டுமாடு: ஆறு மாதப் பட்டறை வேலைகளும் ஒரு கேள்வியும்

பட்டறைக்காரன் (சேலம்)

ஆறு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கைவேலை அப்படி. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறேன். கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

பெரிய வேலை ஒரு காட்டுமாடு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் கேட்டிருக்கிறார். விடியற்காலையில் தோட்டத்துக்குள் வந்து நிற்கும் மாடுகளைப் பார்த்துப் பார்த்து, வாசல் புல்வெளியில் இரும்பில் ஒன்று நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. முக்கால் அளவு, திமில் உயரம் நாலரை அடி. உடம்பு முழுவதும் லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை. சங்ககிரிப் பக்கம் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள் எடைக்குக் கிடைக்கின்றன. பட்டை பிறக்கும்போதே வளைந்துதான் பிறக்கிறது. பாரம் சுமக்கச் சுமக்க வளைவு தளர்கிறது. ஒவ்வொரு வண்டியின் பட்டையும் ஒவ்வொரு அளவுக்குத் தளர்ந்திருக்கும். நன்றாக வளைந்தவை விலாவுக்கு, தளர்ந்தவை வயிற்றுக்கு என்று பொறுக்கி அடுக்கினேன். நெருப்பில் வாட்டி நானாக வளைத்தது கொம்பு இரண்டை மட்டும்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் வாரம் பற்றவைத்த பதினான்கு பட்டைகளில் ஒன்பது விரிசல் விட்டன. கரிமம் கூடிய எஃகு அது. சாதாரணத் தகடு என்று நினைத்துச் சில்லிட்ட நிலையிலேயே பற்றவைத்தால் தையலின் ஓரம் கண்ணாடிபோல் இறுகிவிடும். இரவு சாப்பிட உட்கார்ந்திருப்பேன், பட்டறையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஒன்று போயிற்று" என்பார். பிறகு கேஸ் சுடரால் 250 டிகிரி வரை சூடேற்றி, நன்றாக உலர்த்திய 7018 வெல்டிங் ராடு போட்டு, முடித்த கையோடு சாம்பல் மூட்டையால் போர்த்திவிட ஆரம்பித்தேன். சத்தம் நின்றது.

திமிலிலும் முதுகிலும் பழைய பல்ப்பர் உருளையின் செப்புத் தகடு. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரத்தில் உருளைமேல் சுற்றியிருக்குமே, புடைப்புப் புடைப்பாக, அதுதான். தோட்டக்காரரின் தாத்தா காலத்து எந்திரமாம். புல்லரித்த தோல்போல இருக்கிறது. இந்தச் சிற்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

இரண்டாவது வேலை, கொலுசு அச்சுகள். சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிப்பட்டறையில் தேய்ந்துபோன எஃகு அச்சுகளை எடைக்குப் போட இருந்தார்கள். ஒரு சாக்கு வாங்கிவந்தேன். செப்புத் தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் துணிபோல மெதுவாகிவிடும் (எஃகுக்கு இதைச் செய்தால் நேர்எதிர்). அதை அச்சின்மேல் வைத்து லாரி ஜாக்கியால் அழுத்தினேன். தேய்ந்த அச்சு என்பதால் பூ பாதி, மொட்டு பாதி என்றுதான் பதிகிறது. அந்தப் பாதிப் பூக்களே போதும் என்று தோன்றிவிட்டது. இதுவரை நாற்பது தகடு சேர்ந்திருக்கிறது. என்ன செய்வேன் என்று முடிவாகவில்லை.

மூன்றாவது வேலை, நானே இரும்பு உருக்கிப் பார்த்தது. அது தோல்வி. கஞ்சமலை அடிவார ஓடையில் காந்தத்தால் எடுத்த கருமணல் ஒரு டப்பா, களிமண் உலை, கரி, ஒரு ஊதுவிசிறி. ஐந்து மணி நேரம் ஊதினேன். கிடைத்தது ஒரு வாளிக் கசடும் முழங்கையில் ஒரு கொப்புளமும்.

இனி கேள்வி. மாட்டுக்கு வண்ணம் அடிக்க எனக்கு மனமில்லை. துருவே அதன் தோலாக இருக்கட்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஏற்காட்டு மழையும் பனிமூட்டமும் என்ன செய்யும் என்று தெரியவில்லை. ஆடி முதல் வாரத்தில் மூன்று இடங்களில் மாதிரித் தகடுகளைத் தொங்கவிட்டிருக்கிறேன்: சேலத்தில் என் மொட்டைமாடி, மலைப்பாதையில் பத்தாவது வளைவை ஒட்டி ஒரு மரம், மேலே அந்தத் தோட்டம். ஒவ்வோர் இடத்திலும் சாதாரண இரும்பு ஒன்று, ரயில் பெட்டிகளுக்குப் போடும் ஐஆர்எஸ்எம் 41 தகடு ஒன்று (மேலே பிடிக்கும் துருவே இறுகித் தோலாக நின்று காக்கும் வகை எஃகு). கார்த்திகை முடிவில் கழற்றுவேன். அதற்குள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வெள்ளிப்பொடி (செவ்வாய்ப்பேட்டை)

தம்பி, அந்த அச்சுகளை வெட்டிய கை இன்றைக்கு இல்லை. இப்போது கணினியில் வரைந்து எந்திரத்தில் வெட்டுகிறார்கள். பழைய அச்சை உளியால் வெட்டியவர் எங்கள் தெருவில் இருந்தார். ஒரு மாங்காய் அச்சுக்கு மூன்று நாள் எடுப்பார். நீங்கள் வாங்கிய சாக்கில் மாங்காய்க் காம்பு இடப்பக்கம் திரும்பியது இருந்தால் அது அவருடையது. இடதுகைக்காரர்.

தகட்டுக்குப் பின்னால் அரக்கும் செங்கற்பொடியும் கலந்து ஊற்றிவிட்டு முன்பக்கம் சிறு உளியால் தட்டுங்கள். பாதிப் பூவின் ஓரம் எழுந்து நிற்கும். பற்றவைத்து ஒட்டுவதற்கு வெங்காரம் (போராக்ஸ்) போதும், வேறு எதையும் கடையில் வாங்காதீர்கள்.

உருட்டாலை ஓய்வு (சேலம்)

உங்கள் மாட்டைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது. முதுகில் செம்பு, கீழே இரும்பு. மழை பெய்தால் என்ன ஆகும்?

இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நின்றால் அது ஒரு மின்கலம். அதில் கரைகிறவன் இரும்பு, சொகுசாக இருக்கிறவன் செம்பு. செம்பின் பரப்பு பெரிதாகவும் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு சிறிதாகவும் இருந்தால் கரைவது இன்னும் வேகம். உங்கள் திருகாணிகளும் ரிவெட்டுகளும் இரும்பு என்றால் முதலில் அவைதான் போகும். தொடாமல் பிரித்து வைத்தாலும் தீராது. செம்பின்மேல் விழுந்து வழியும் தண்ணீர் கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொண்டுதான் கீழே வரும். அது இரும்பின்மேல் படிகிற இடமெல்லாம் புதுப்புதுச் சின்ன மின்கலம். இரண்டு மழைக்காலத்தில் விலாவில் பச்சைக் கோடும் அதற்குள் குழியும் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. சேலத்துக்காரர் துருவோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? கஞ்சமலைத் தாதுவை நம்பித்தான் இந்த ஊர் உருக்காலை கேட்டது. 1981இல் ஓட ஆரம்பித்தபோது அது வெளியிலிருந்து வந்த சுருள்களை உருட்டும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாக இருந்தது. அது வேறு வருத்தம். ஆனால் நாட்டின் நாணயங்களுக்கு வில்லை வெட்டிக்கொடுத்த ஊர் இது. 304 எவர்சில்வர் தகட்டில் செய்யுங்கள், நூறு வருடம் நிற்கும்.

பட்டறைக்காரன்

ஐயா, பளபளக்கும் மாட்டைத் திருமண மண்டப வாசலில் வைக்கலாம். காட்டில் வைக்க முடியாது.

எவர்சில்வரை நான் தொடாமல் இல்லை. சுடரால் வாட்டி நிறம் வரவழைத்துப் பார்த்திருக்கிறேன்: வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, அப்புறம் மயில்கழுத்து நீலம். சாயம் எதுவும் இல்லை, மேல்தோலின் கனம் மட்டும்தான் அத்தனை நிறமும். ஒரு மீன்கொத்தி செய்தேன். அதை வெளியில் வைக்கலாமா?

செம்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. அந்த முதுகைக் கழற்றும் தைரியம் இன்னும் வரவில்லை.

உருட்டாலை ஓய்வு

மீன்கொத்தியை வீட்டுக்குள் வையுங்கள். நீலம் அழகுதான், ஆனால் அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோன தோல் இருக்கிறது. எவர்சில்வரைக் காப்பாற்றுவதே குரோமியம். வெளியில் வைத்தால் நீலம் வந்த இடத்தில்தான் முதலில் துரு பூக்கும். ஆலையில் பற்றவைத்த இடத்து நிறத்தை அமிலப் பசை பூசிக் கழுவி எடுத்துவிடுவோம். அந்தப் பசையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு, எலும்புவரை போகும். வீட்டுப் பட்டறையில் வேண்டவே வேண்டாம்.

மண்டப வாசல் என்றது எனக்குப் புரிந்தது. கோபமில்லை.

சிற்ப மாணவி (சென்னை)

நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தகட்டில் உருவம் செய்யும்போது பின்பக்கத்தை என்ன செய்வது என்று எப்போதும் குழப்பம். அண்ணா, உங்கள் மாட்டுக்கு உள்பக்கம் தெரியுமா, மூடிவிட்டீர்களா?

பட்டறைக்காரன்

தெரியும், அம்மணி. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். மூடினால் தண்ணீர் உள்ளே தங்கும். தங்கிய தண்ணீர்தான் சிற்பத்தின் எமன். மூடியே ஆக வேண்டிய இடத்தில், மாட்டுக்கு முகவாய், ஆகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு துளை போட்டிருக்கிறேன்.

பின்பக்கக் குழப்பத்துக்கு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த கலைஞர் கிராமம். பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டு உருவங்களைப் பாருங்கள். முன்பக்கம் பார்த்து நிற்பதற்கென்றே செய்தவை, கோயில் கவசம்போல. பின்பக்கத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பணிக்கரின் மகன் நந்தகோபாலும் அந்த வழியில் வந்து செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துத் தன் பாதையைப் பிடித்தார். சுவாமிமலையில் மெழுகு உருக்கி வார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அவர்கள் உருவத்துக்கு நான்கு பக்கமும் உண்டு. தகட்டுக்காரனுக்கு மட்டும்தான் 'பின்னால் என்ன' என்ற கேள்வி.

கஞ்சமலையான்

உலை தோற்றதற்கு வருந்தாதீர்கள், உங்களுக்கு முன்னால் பெரிய ஆட்களே தோற்றிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். கடைசிவரை பணம் தேறவில்லை. அவருக்கு முன்பே நம் ஊர்களில் களிமண் உலைகளில் இரும்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டூர் பக்கம் மாங்காட்டிலும் தெலுங்கனூரிலும் கிடைத்த வாள்களின் காலம் மூவாயிரம் வருடத்துக்கும் மேல் போகிறது என்று 2025 ஜனவரியில் வந்த தொல்லியல் அறிக்கை சொல்கிறது.

உங்கள் உலையின் உயரம் என்ன? இரண்டு அடிக்குக் குறைவு என்றால் தாது கரியோடு போதிய நேரம் இருந்திருக்காது, நேராகக் கீழே வந்து கசடாகியிருக்கும். அடுத்த முறை டப்பாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வண்டி கொண்டுபோனால் கனிமவளத் துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

பட்டறைக்காரன்

ஒன்றரை அடி. புரிகிறது.

மிளகுக்கொடி (ஏற்காடு)

முதலில் ஒரு நன்றி: காட்டெருமை என்று எழுதாமல் காட்டுமாடு என்று எழுதியதற்கு. எருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இங்கே சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

செம்பைப் பற்றி ஐயா சொன்னதைப் படித்தேன். எனக்கு உலோகம் தெரியாது, மாடு தெரியும். நேற்று சாயங்காலம்கூடச் சில்வர் ஓக் வரிசைக்கு நடுவே ஒன்று நின்றது. உடம்பு கன்னங்கரேல் என்று இருக்க, முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெளிர்மஞ்சள். மூடுபனியில் உடம்பு கரைந்துபோகும். நான்கு கால் மட்டும் தனியாக நடந்துவரும். பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் கண்ணில் படுவது அதுதான். நீங்கள் போட்ட படத்தில் முதுகு மின்னுகிறது, கால் கருப்பாக இருக்கிறது. இங்கே யாரும் அப்படி ஒரு மாட்டைப் பார்த்ததில்லை.

பட்டறைக்காரன்

இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் மாட்டைச் சுற்றிச்சுற்றி வந்தேன்.

அக்கா, நீங்கள் சொன்னதும் ஐயா சொன்னதும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. செம்பு மேலே இருந்தால் இரும்பைத் தின்னும். கீழே இருந்தால் மழை இரும்பிலிருந்து செம்புக்கு வழியும், அதில் செம்புக்கு ஒன்றும் ஆகாது. தொடும் இடத்தில் ரப்பர் தகடு கொடுத்து, திருகாணிக்கு நைலான் வளையம் போட்டுவிட்டால் மின்கலமும் இல்லை. மாட்டுக்கும் கால் வெளுத்துவிடும்.

நேற்று முதுகைக் கழற்றிவிட்டேன். பல்ப்பர் தகட்டை நீளவாக்கில் நான்காக வெட்டி முழங்காலுக்குக் கீழே சுற்றினேன். புடைப்புகள் கீழே வந்ததும் சேறு காய்ந்த கால்போல இருக்கிறது. திமில் வெறும் பட்டையாகிவிட்டது. மூன்று மாதமாக என் செல்லமாக இருந்த இடம் போயிற்று. மாடு இப்போதுதான் நிற்கிறது.

துத்தநாகப் புகை (ஆத்தூர்)

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். நானும் பழைய ஜி.ஐ. குழாய்களில் கொக்கு செய்துகொண்டிருக்கிறேன். நேற்று நாள் முழுக்க வெல்டிங். ராத்திரி குளிர்காய்ச்சல், வாயில் காசு கடித்த ருசி. பக்கத்துப் பட்டறைக்காரர், வேலைக்கு முன் அரை லிட்டர் பால் குடித்தால் வராது என்கிறார். உண்மையா?

உருட்டாலை ஓய்வு

பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்? குழாய்மேல் இருக்கும் துத்தநாகம் சுமார் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் சுடரின் சூட்டுக்கு அது எம்மாத்திரம். அந்தப் புகையை இழுத்ததால் வந்த காய்ச்சல். பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கும், ஆனால் மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள், திறந்தவெளியில் காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள், உலோகப் புகைக்கான முகமூடி போடுங்கள். பாலைக் காப்பி போட்டுக் குடியுங்கள்.

பட்டறைக்காரன்

கார்த்திகை முடிந்தது. தகடுகளைக் கழற்றினேன்.

சேலம் மாடித் தகடுகள்: சாதாரண இரும்பு செங்கல் நிறம், விரலில் ஒட்டுகிறது. ரயில் தகடு கரும்பழுப்பு, இறுக்கமான தோல், தேய்த்தால் விரல் சுத்தமாக இருக்கிறது. பார்த்ததும் மனம் குளிர்ந்தது.

ஏற்காடு: சாதாரண இரும்பு செதில் செதிலாக உரிகிறது. அதைவிட ஏமாற்றம் ரயில் தகடு. இன்னும் ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கிறது, தொட்டால் கை முழுக்கச் சாயம். கீழ் ஓரத்தில், தண்ணீர் சொட்டாமல் தங்கி நின்ற இடத்தில், அப்பளம்போல் எழும்பியிருக்கிறது. அந்த வகை எஃகுக்கு நனைவதும் காய்வதும் மாறிமாறி வேண்டும். காயும்போதுதான் தோல் இறுகுகிறது. மேலே மழை விட்டாலும் பனிமூட்டம் விடவில்லை, தகடு காயவே இல்லை. துருவே தோலாக இருக்கட்டும் என்று பெருமையாக எழுதினேனே, அது சமவெளிக்காரன் பேச்சு.

பத்தாவது வளைவுத் தகடுகளைக் காணோம். கம்பி மட்டும் தொங்குகிறது.

நீலிச்சாயம் (இளம்பிள்ளை)

நான் துணிக்குச் சாயம் போடுகிறவள், இரும்பில் கை வைத்ததில்லை. ஆனால் இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் கருப்பு என்பது எங்களுக்கு அடிப்படைப் பாடம். துணியில் கடுக்காய் ஏற்றிவிட்டு, துருவும் வெல்லமும் ஊறிய நீரைத் தொட்டு எழுதினால் மை மாதிரிக் கருக்கும். நீங்கள் தலைகீழாகச் செய்து பாருங்களேன்: துரு ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் கடுக்காய்க் கஷாயம். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் இடித்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

பட்டறைக்காரன்

செய்துவிட்டேன். உரியும் செதிலைக் கம்பித் தூரிகையால் எடுத்துவிட்டு, பிடித்து நிற்கும் துருவின்மேல் சூடாகப் பூசினேன். பூசும்போது ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆரஞ்சு நிறம் நீலம் கலந்த கருப்பாகிக்கொண்டிருந்தது. மூன்று பூச்சு. நடுவில் எனக்கே ஒரு ஆசை வந்து, ஒரு தகட்டில் காப்பிக்கொட்டைத் தோலைக் காய்ச்சிப் பூசினேன். திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம், அழுக்குபோல இருக்கிறது. தோட்டக்காரரிடம் இதைச் சொல்லவில்லை, காப்பி மாட்டைக் கேட்டுவிடுவார்.

உருட்டாலை ஓய்வு

கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடுகிறது, அது சரி. ஆனால் தண்ணீரை அது தடுக்காது. மேலே ஒரு காப்பு வேண்டும்.

பட்டறைக்காரன்

ஆமாம் ஐயா. தேன்மெழுகை டர்ப்பன்டைனில் கரைத்து, இரும்பை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கை பொறுக்கும் சூட்டில் தேய்த்தேன். ஒவ்வொரு தை மாதமும் மறுபடி தேய்க்க வேண்டும். அதைத் தோட்டக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "வருடா வருடமா? பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்ததே" என்றார். காப்பிச் செடிக்கு வருடா வருடம் கவாத்து செய்கிறீர்கள், மாட்டுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா என்று கேட்டேன். சிரித்தார். இருந்தாலும் பாதிப் பணத்தைப் பிடித்துவைத்திருக்கிறார், ஒரு மழைக்காலம் போகட்டும் என்று. நியாயம்தான் என்று வாய் சொல்கிறது.

மிளகுக்கொடி

பத்தாவது வளைவுத் தகடுகளில் ஒன்று கிடைத்துவிட்டது. நேற்று கீழே இறங்கும்போது டீ குடிக்க நிறுத்தினேன். அடுப்புக்குக் காற்றுத் தடுப்பாக நிற்கிறது. மூலையில் நீங்கள் ஆணியால் கீறிய '10' அப்படியே இருக்கிறது. பாலும் டிகாக்‌ஷனும் தெறித்து, அடுப்புச் சூட்டில் காய்ந்து, கருப்பாக மினுமினுப்பாக இருக்கிறது. கேட்டு வாங்கிவரட்டுமா?

பட்டறைக்காரன்

வேண்டாம் அக்கா, அங்கேயே இருக்கட்டும். மழைக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று ஒரு படம் மட்டும் அனுப்புங்கள்.

மாட்டை வியாழக்கிழமை ஏற்றுகிறோம். எடை 380 கிலோ. கொம்போடு சேர்த்தால் மினி லாரியின் பக்கப் பலகையைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ் வந்தால் கண்ணாடி போய்விடும். அதனால் கொம்பு இரண்டையும் வெட்டி, உள்ளே போல்ட் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டேன்.

வெள்ளிப்பொடி

போல்ட் எவர்சில்வரா, இரும்பா?

பட்டறைக்காரன்

எவர்சில்வர். நைலான் வளையத்தோடு. ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.